கதவு ஒழுகினால் பின்னைப் பெரிதாக்க வேண்டாம்: டம்ப் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மடல்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச காலமாக நம் பட்டறைக்கு வரும் ஆர்டர்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: "டம்ப் கார் கதவு ஒழுகுகிறது, 32 பின்னை 40 ஆக்கிக் கொடுங்கள்." டம்ப் கார் என்பது சரக்கைத் தானே கொட்டும் ரயில் வேகன், ஒழுகுவது என்றால் மூடிய கதவின் இடுக்கில் சரக்கு சிந்துவது, 32, 40 என்பவை கதவுக் கீலில் கோக்கும் பின்னின் விட்டம் மில்லிமீட்டரில். சிலர் 50 வரைக்கும் போகிறார்கள். கேட்டபடி கடைந்து கொடுத்துவிட்டு பில் போடுவது எங்களுக்குச் சுலபம்தான், இரும்பு கூடினால் காசும் கூடும். ஆனால் அந்த வண்டி அதே புகாரோடு திரும்பி வரும். அதனால் ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறோம்.

அதற்கு முன் ஒரு விஷயம். இந்திய ரயில்வேயின் பாதையில் ஓடும் வேகன் என்றால், லக்னோவில் இருக்கும் ஆர்டிஎஸ்ஓ (ரயில்வேயின் வடிவமைப்பு, தர நிர்ணய அமைப்பு) கொடுத்த வரைபடம்தான் சட்டம். அதில் கீலையோ புஷ்ஷையோ (பின்னைச் சுற்றி நிற்கும் உருளை வளையம்) நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, மாற்றித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். இங்கே நாங்கள் பேசுவது தொழிற்சாலை வளாகத்துக்குள்ளும் சுரங்கத்திலும் சொந்தப் பாதையில் ஓடும் டம்ப் கார்கள், ஹாப்பர் வண்டிகள் (அடிக்கதவு திறந்து கொட்டுபவை) பற்றி மட்டும்.

சரி, பின் விஷயத்துக்கு வருவோம். ஒன்றரை மீட்டர் நீளம், அறுபது சென்டிமீட்டர் அகலம் உள்ள ஓர் அடிக்கதவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு நிலக்கரி நிற்கிறது, கன மீட்டருக்கு 850 கிலோ. சுவர்கள் தாங்கும் பங்கைக் கழிக்காமல் பார்த்தாலும் கதவின் மேல் இரண்டு டன்னுக்குள்தான் வருகிறது. பாதியைப் பூட்டுப் பக்கம் தாங்கும், மீதி ஒரு டன் மூன்று கீல்களுக்குப் பிரியும். ஆக ஒரு கீலுக்கு 330 கிலோ. 32 மி.மீ. பின்னை இந்தச் சுமை இரண்டு இடத்தில் வெட்டப் பார்த்தால் சதுர மில்லிமீட்டருக்கு 2 நியூட்டன் அளவுதான் அழுத்தம். சாதாரண இஎன் 8 உருக்கு (நடுத்தர கார்பன் உள்ளது) இதைப்போல எண்பது மடங்கு வரை வளையாமல் தாங்கும். ஜல்லி ஏற்றினால் சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகும், லோடர் மேலிருந்து கொட்டும்போது விழும் அடி இன்னும் சில மடங்கு கூட்டும், அப்போதும் இடம் நிறைய மிச்சம் இருக்கிறது. உங்கள் பின்கள் சுமையால் சாகவில்லை. தேய்ந்து சாகின்றன. தேய்கிற பின்னைப் பெரிதாக்கினால் பெரிய பின் தேயும், அவ்வளவுதான்.

அது எப்போது தேய்கிறது என்பதுதான் பலரும் யோசிக்காத இடம். கதவு திறந்து மூடுவது நாளுக்குச் சில தடவை, ஒவ்வொரு தடவையும் சில நொடிகள். மற்ற நேரமெல்லாம் கதவு மூடியபடி, சுமையோடு, தண்டவாள மூட்டு ஒவ்வொன்றிலும் அதிர்ந்தபடி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அதிர்வில் பின்னும் புஷ்ஷும் முடியளவு நகர்ந்து நகர்ந்து உரசுகின்றன, நடுவில் தூள் வேறு. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் பங்கு 30 முதல் 45 சதவீதம் வரை இருக்கும், சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. அது கிரீஸோடு சேர்ந்தால் தேய்க்கும் பசைதான். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனை) வைத்துத் தரச் சொல்பவர்களுக்கு நாங்கள் தயங்குவது இதனால்தான். வாரா வாரம் கிரீஸ் துப்பாக்கியோடு ஆள் போய்ப் பழைய கிரீஸ் வெளியே வழியும்வரை அடித்தால் நல்லதுதான். யார் அடிக்கிறார்கள்? முதல் மாதம் அடிப்பார்கள், அப்புறம் நிப்பிள் மேல் சேறு காய்ந்து மூடிவிடும்.

தேய்ந்தால் ஏன் ஒழுகுகிறது? ஒரு முனைக் கீலில் மட்டும் 3 மி.மீ. ஆட்டம் வந்துவிட்டது என்று வையுங்கள். கதவு ஆப்பு மாதிரி ஒரு பக்கம் இறங்கும். ஒன்றரை மீட்டர் நீளத்துக்குச் சராசரியாக ஒன்றரை மி.மீ. இடைவெளி, பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் 22 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. கதவில் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான விட்டத்தில் ஓர் ஓட்டை போட்டு வண்டியை அனுப்புவதும் இதுவும் பரப்பில் ஒன்று. பெரிய கட்டிகள் இடைவெளியில் ஒன்றையொன்று முட்டி நின்றுகொள்ளும், தூள் நிற்காது, அதிர்வில் இறங்கிக்கொண்டே இருக்கும். மழையில் நனைந்த நிலக்கரியாக இருந்தால் தண்ணீர் தூளையும் இழுத்துக்கொண்டு போகும்.

"கொஞ்சம் கொட்டினால் என்ன, நம் பாதைதானே" என்று சிலர் சொல்கிறார்கள். கொட்டுவது சரக்கு நஷ்டம் என்பதை விட்டுவிடுங்கள், பாதையில் ஜல்லிக்கு நடுவே போய் அடைவதுதான் ஆபத்து. தண்ணீரை வடிய விடுவது ஜல்லியின் முக்கியமான வேலைகளில் ஒன்று. 2005 மே மாதம் அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் பவுடர் ரிவர் நிலக்கரிப் பாதையில் அடுத்தடுத்து இரண்டு ரயில்கள் தடம் புரண்டன. ஜல்லியில் நிலக்கரித் தூள் அடைத்திருந்ததும், அதன்மேல் பெய்த மழையும் பாதையைத் தளர்த்தியதுதான் காரணமாகப் பேசப்பட்டது. அங்கே தூளில் பெரும்பங்கு வேகனின் மேலிருந்து பறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஜல்லிக்கு மேலே வந்த தூள், கீழே வந்த தூள் என்ற வித்தியாசம் கிடையாது. ஜல்லி ஏற்றும் வண்டியில் தொல்லை வேறு மாதிரி: ஒரே ஒரு கல் பாயின்ட்டில் (பாதை பிரியும் இடம்) நாக்குக்கும் (அங்கே நகரும் தண்டவாள முனை) தண்டவாளத்துக்கும் நடுவே விழுந்தால் நாக்கு முழுசாக ஒட்டாது, அடுத்து வண்டி தடம் புரளலாம் என்று உங்களுக்கே தெரியும்.

இனி நாங்கள் செய்வது. எங்கள் கீலில் கதவைத் தொங்கவிடுவது மட்டும்தான் பின்னின் வேலை. மூடிய கதவை இடத்தில் பிடிப்பது அதன் வேலை இல்லை. லக்கில் (பின் நுழையும் துளையுள்ள காதுத் தகடு) வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை போடுகிறோம். 32 பின்னுக்கு 33 அகலம், 40 நீளம், கதவு வாயில் போய் அழுந்தும் திசையில். கீல் பக்கம் வண்டியின் உடம்பில் சரிவான ஒரு முட்டுக்கட்டையை வெல்டிங் செய்கிறோம். கதவு மூடி முடிக்கும் கடைசி இஞ்சில் கதவின் குதிகால் (கீல் பக்க விளிம்பு) அந்தச் சரிவில் ஏறி மூன்று நான்கு மில்லிமீட்டர் மேலே தூக்கும். பூட்டு இறுகும்போது கதவின் உதடு (சுற்று விளிம்பு) ஹாப்பர் வாயில் முழுச் சுற்றும் பதிந்து உட்காரும், பின் நீள்துளைக்குள் எதையும் தொடாமல் சும்மா நிற்கும். வண்டி ஓடும் நேரம் முழுக்கப் பின்னுக்கு ஓய்வு. சுமை முட்டுக்கட்டையிலும் பூட்டிலும் உதட்டிலும் போய்விடுகிறது. அவை எல்லாம் தட்டையான பெரிய பரப்புகள், தேய்ந்தாலும் தகடு வைத்துச் சரிசெய்துவிடலாம்.

புதுக் கதவைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு "என்னங்க இது, புதுசிலேயே லொடலொடன்னு இருக்கு" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. திறந்த நிலையில் ஆடட்டும். மூடியபின் ஆடினால்தான் எங்களுக்குப் போன் போடுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. கடைசி இஞ்சில் கதவைத் தூக்க வேண்டியிருப்பதால் பூட்டுக்குக் கூடுதல் பலம் தேவை. காற்று சிலிண்டரில் இயங்கும் கதவுக்குப் பிரச்சினை இல்லை. கைச்சக்கரம் சுற்றி மூடும் கதவாக இருந்தால் சுற்றுகிறவர் திட்டுவார். அதற்குச் சரிவைக் குறைத்து, தூக்கலை இரண்டு மில்லிமீட்டருக்கு வைத்துத் தருகிறோம். அழுத்தம் கொஞ்சம் குறையும், அதற்கு மேல் எதுவும் செய்வதற்கில்லை.

நீள்துளையில் தூள் அடைத்துக்கொள்ளாதா என்பது நியாயமான கேள்வி. மேலே ஒரு மறைப்புத் தகடு வரும், லக்கின் அடிப்பக்கம் தூள் விழ வழி விட்டிருக்கிறோம். பின் சுழலாதபடி ஒரு முனையில் கீப்பர் தகடு போல்ட் போட்டுப் பிடித்திருக்கும். பின் சுழலாவிட்டால் தேய்மானம் லக்கில் ஏறாமல் பின்னும் புஷ்ஷும் உரசும் இடத்தோடு நின்றுவிடும், புஷ்ஷைத் தட்டி எடுத்து மாற்றுவது சின்ன வேலை. ஸ்ப்ளிட் பின்னை (பின் கழலாமல் முனையில் செருகும் பிளவுக் கம்பி) நம்பும் பழைய முறையில் அது உடைந்து போனதே தெரியாமல் பெரிய பின் வெளியே நடந்து வந்துவிடும். புஷ் வெண்கலத்தில் வேண்டாமா என்று கேட்டால், பொருளாக வெண்கலம் நல்லதுதான், ஆனால் யார்டில் நிற்கும் வண்டியிலிருந்து வெண்கலம் காணாமல் போகும் நாட்டில் இருக்கிறோம். கடினப்படுத்திய உருக்குப் புஷ் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

பின்னுக்கு இஎன் 8 எடுத்து, மேல்பரப்பை இன்டக்‌ஷனில் ராக்வெல் சி கடினத்தன்மை அளவில் 50 முதல் 55 வரை கடினப்படுத்துகிறோம், உள்ளே மென்மையாகவே இருக்கும், அடி விழுந்தால் வெடிக்காது. சிலர் மாங்கனீசு உருக்கில் கேட்கிறார்கள், ஜா கிரஷரில் (கல் உடைக்கும் எந்திரம்) அது உழைப்பதைப் பார்த்த பழக்கத்தில். 1882இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த அந்த உருக்கு, சுமார் 12 சதவீதம் மாங்கனீசு கலந்தது, அடி வாங்க வாங்கத்தான் இறுகும். கிரஷரில் ஓயாமல் அடி விழுகிறது, அதனால் உழைக்கிறது. கீலில் நடப்பதோ மெல்லிய உரசல், அதில் இறுகாமலே தேய்ந்துபோகும், லேத்தில் கடைவதும் தலைவலி. ஸ்டெயின்லெஸ் பின்னை ஸ்டெயின்லெஸ் புஷ்ஷில் போடச் சொல்பவர்களுக்கும் ஒன்று: துருப் பிடிக்காது, ஆனால் ஒன்றோடொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும்.

உள்ளூரில் வெல்டிங் செய்துகொள்கிறோம், கீலை மட்டும் கொடுங்கள் என்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நல்ல கீல் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். மூன்று கீலும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். முழு நீளத்துக்கு ஒரு டம்மி ராடை (நேர் பார்க்கும் தற்காலிகக் கம்பி) மூன்றிலும் கோத்து, டேக் அடித்து (சில புள்ளிகளில் மட்டும் வெல்டிங் வைத்து), ராடு கையால் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முழு வெல்டிங், அதுவும் ஒரே லக்கில் தொடர்ந்து ஓட்டாமல் மாற்றி மாற்றி. ராடை உடனே உருவ வேண்டாம், சூடு ஆறட்டும். ஆனால் ஓடும் வண்டியில் முழு நீளப் பின் போடவே போடாதீர்கள். சுமை ஏறினால் வண்டியின் உடம்பு நடுவில் சற்று வளையும், நீளப் பின் அப்படியே இறுகிக்கொள்ளும். கீலுக்கு ஒரு குட்டைப் பின், அதில் நடுக் கீலுக்கு மற்ற இரண்டையும்விடப் பெரிய துளை. லக் நாங்கள் தருவது ஐஎஸ் 2062 (கட்டுமான உருக்கு) தகட்டில், சும்மாவே நன்றாக வெல்டிங் ஏறும். நீங்களே லக் வெட்டுவதாக இருந்தால் தயவுசெய்து இஎன் 8இல் வெட்டாதீர்கள், அதில் 0.4 சதவீதம் கார்பன், முன்சூடு கொடுக்காமல் வெல்டிங் போட்டால் பக்கத்திலேயே விரிசல் விடும். வெல்டிங் ராடு 7018 வகை, அடுப்பில் காய வைத்தது.

ரப்பர் சீல் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பழைய கன்வேயர் பெல்ட்டைக் கீறி உதட்டில் வைத்துப் போல்ட் போட்ட கதவுகளை நிறையக் கழற்றியிருக்கிறோம். சுமை ரப்பரின் மேல் உட்கார்ந்தால் அது நசுங்கி, கிழிந்து, துண்டாகத் தொங்கி, கதவையே மூட விடாமல் செய்யும். உதடு இரும்பின் மேல் இரும்பாகத்தான் உட்கார வேண்டும். ரப்பர் வைப்பதானால் அதற்கு வெளியே, கொட்டும்போது சரக்கு படாத இடத்தில், தூளை மட்டும் தடுக்கும்படி. நிலக்கரிக்கு இது நன்றாக வேலை செய்கிறது. சூட்டோடு வரும் கிளிங்கருக்கும் (சிமென்ட் சூளைக் கட்டி) கசடுக்கும் ரப்பர் வேண்டவே வேண்டாம். ஜல்லி வண்டிக்கு உதட்டையே குறுகலாக வைக்கிறோம். அகலமான உதட்டில் கல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், குறுகல் உதட்டில் நழுவி விழுந்துவிடும்.

பக்கவாட்டில் கவிழ்க்கும் வண்டிகள் தனி. கதவு வெளிப்பக்கம் மடிந்து சறுக்குப் பலகையாகும் மாதிரியில் மொத்தச் சரக்கும் கீலின் மேலேயே ஓடுகிறது. அங்கே நீள்துளையை விட முக்கியம் தரைத்தகடு. ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்திருப்பது போலத் தரைத்தகடு கதவின் மேல் சில அங்குலம் நீண்டு படிய வேண்டும், கீல் அதற்கு அடியில் ஒளிந்திருக்க வேண்டும். கதவு மேலே தூக்கித் திறக்கும் மாதிரியில் கீல் சரக்குக்கு வெளியே இருப்பதால் பெரிதாகத் தொல்லை இல்லை.

ஆர்டர் கொடுக்கும்போது பின் அளவை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். வண்டியில் சரக்கு ஏறியிருக்கும்போது, கதவின் நான்கு மூலையிலும் நடுவிலும் உதட்டு இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடுக்கில் விட்டு அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுங்கள். காலி வண்டியில் எடுத்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பழைய பின்னைக் கழற்ற முடிந்தால் இரண்டு முனையிலும் நடுவிலும் விட்டம் அளந்து, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று சாக்பீஸில் குறித்து ஒரு போட்டோ. சுற்றிலும் சமமாகத் தேய்ந்திருந்தால் பின் சுழல்கிறது, ஒரு பக்கம் மட்டும் என்றால் ஓட்டத்தில் தேய்ந்தது. என்ன சரக்கு, சூடா ஈரமா, பூட்டு காற்றிலா கையிலா என்பதையும் ஒரு வரி சேர்த்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே 40 பின்னுக்கு ஆர்டர் கொடுத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாற்ற நினைத்தால் வெட்டு போடுவதற்கு முன் சொல்லுங்கள், வெட்டிய இரும்பைத் திருப்பி எடுக்க முடியாது.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து,
துவாக்குடி, திருச்சி