எங்கள் முட்டுச்சந்தில் ரோட்டைத் தோண்டி இறக்கிப் போடக் கோரி நான்காவது மனு

பெறுநர்: உதவி செயற்பொறியாளர் அவர்கள், மண்டல அலுவலகம்

பொருள்: பழைய தார் மேலேயே கான்கிரீட் ரோடு போடும் திட்டத்தை நிறுத்தி, கருத்துக் கேட்புக் கூட்டத்தை எங்கள் தெருவிலேயே மறுபடி நடத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் இரண்டு மனுக்களைத் திங்கட்கிழமை மனு நாளில் நேரில் வந்து கொடுத்தேன், ரசீது இருக்கிறது. மூன்றாவதை ஆன்லைனில் பதிந்தேன். பத்தாம் நாள், நடவடிக்கை எடுத்து மனு முடிக்கப்பட்டதாக செல்லுக்கு மெசேஜ் வந்தது. தெருவுக்கு யாரும் வரவில்லை, எங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. என்ன நடவடிக்கை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் இடத்தை தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரேஷன் கடை முக்கில் திரும்பி தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் வலது கைப்பக்கம் வரும் முட்டுச்சந்துதான். அகலம் 12 அடி, 22 வீடுகள். மெயின் ரோட்டில் தேங்குவதெல்லாம் கடைசியில் எங்களிடம்தான் வந்து நிற்கும், அதுவும் தங்களுக்குத் தெரியும்.

1. கூட்டம் புதன்கிழமை காலை 11 மணிக்கு வைக்கப்பட்டது. நோட்டீஸை முதல் நாள் சாயங்காலம்தான் ஒட்டினார்கள். எங்கள் தெருவிலிருந்து வர முடிந்தது இரண்டே பேர், அதில் நான் ஒருவன். ரோட்டு மட்டத்தைப் பற்றி இருவருமே எழுந்து பேசினோம். ஆனால் கூட்டக் குறிப்பில் 'பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபணை இல்லை' என்று இருக்கிறது. அப்படியானால் நாங்கள் பேசியது என்ன ஐயா?

2. ரோடு போடும்போது பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்கள் அறிவுறுத்தினார். நாங்கள் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

3. 1994-ல் அப்பா வீடு கட்டியபோது தெருவிலிருந்து நான்கு படி ஏறி வாசலுக்கு வருவோம். ஒவ்வொரு தடவையும் தார் மேல் தார் போட்டுப் போட்டு, இன்று தெருவிலிருந்து வாசலுக்கு ஒன்றரைப் படி இறங்குகிறோம். இரும்பு கேட்டின் அடிப்பகுதியை வெல்டிங் கடைக்காரரை வைத்து இரண்டு முறை வெட்டியாயிற்று, இல்லையென்றால் கேட் திறக்காது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்வோம். மழை வந்தால் நடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. தண்ணீர் முதலில் வாசல் வழியாக வருவதில்லை, கக்கூஸ் வழியாக வருகிறது. தெருச் சாக்கடை நிறைந்ததும், எங்கள் வீடு பள்ளத்தில் இருப்பதால், பீங்கானிலிருந்து குபுகுபுவென்று கறுப்புத் தண்ணீர் பொங்கி ஹால்வரை வந்துவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அம்மாவுக்கு 78 வயது, முழங்கால் மடக்க முடியாது. கட்டில் கால்களுக்கு நான்கு நான்கு செங்கல் வைத்து உயர்த்தி அதில் உட்கார வைத்தோம். கரண்ட் இல்லை, சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது. இரண்டாம் நாள்தான் கவனித்தேன், அம்மாவின் தலைமாட்டில் வைத்த சொம்புத் தண்ணீர் வைத்தபடியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். "குடிச்சா போகணுமே, எங்கடா போவேன்" என்றாள். மூன்று நாளில் அவள் குடித்தது இரண்டு டம்ளர் இருக்கும். அப்புறம் சிறுநீர்த் தொற்று வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரி. இப்போதெல்லாம் ஐப்பசி பிறந்தாலே அம்மா தண்ணீரைக் குறைத்துவிடுகிறாள், மேகம் கறுத்தால் சொம்பைத் தள்ளி வைக்கிறாள். இதை எந்த எஸ்டிமேட்டில் எழுதுவீர்கள்?

4. இப்போதைய திட்டப்படி இருக்கும் தாரின் மேல் இன்னும் ஆறு அங்குலம் கான்கிரீட். தாரையாவது மில்லிங் மெஷினை விட்டுச் சுரண்டலாம். கான்கிரீட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், எங்கள் சந்துக்காக யார் வந்து உடைக்கப் போகிறார்கள்? இந்த முறை தவறினால் எங்கள் ஆயுசுக்கும் பள்ளம்தான்.

5. சாக்கடைக் குழாயை முதலில் மாற்றுங்கள், பிறகு ரோடு.

6. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் பகுதி சபை நடந்தபோது, கிராம சபை மாதிரி இனி நாமும் நம் தெருவைப் பற்றிப் பேசலாம் என்று எவ்வளவு சந்தோஷப்பட்டோம். பேசினால் எழுதிக்கொள்ள வேண்டாமா ஐயா? கையெழுத்து வாங்கத்தான் கூட்டம் என்றால் வீட்டுக்கு வந்தே வாங்கியிருக்கலாமே. எனக்குக் கோபம் வருகிறது, மன்னிக்கவும், ஆனால் நான்கு தடவை எழுதியவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்.

7. மறுபடியும் கேட்கிறேன். இருக்கும் தாரை முழுதாகத் தோண்டி எடுங்கள். புது ரோட்டின் மட்டம் எங்கள் வாசல்களுக்குக் கீழே இருக்கட்டும். லெவல் எடுக்கும்போது மெயின் ரோட்டிலிருந்து மட்டும் எடுக்காமல், எங்கள் 22 வாசல்களிலும் டேப் வைத்து எடுங்கள். தோண்டும் நாட்களில் வண்டிகளை வெளியே நிறுத்திக்கொள்கிறோம், லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்கிறோம், எத்தனை வாரம் ஆனாலும் ஒருவரும் முணுமுணுக்க மாட்டோம். எல்லா வீட்டிலும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவிலேயே வையுங்கள். நாற்காலி நாங்கள் போடுகிறோம். ஐப்பசிக்கு முன்னால் வாருங்கள் ஐயா, தயவுசெய்து வாருங்கள்.

இப்படிக்கு,
தெருவாசிகள் சார்பாக,
கடைசி வீட்டுக்காரன்