கீழ்ப்படுக்கையே எடு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். புலனத்தில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில்தான் விழுவதில்லை. அதனால் தாளில் எழுதி அனுப்புகிறேன். கடிதத்துக்கு நீலக் கோடு கிடையாது. நீ படித்தாயா இல்லையா என்று நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மார்ச்சில் நான்கு நாள் தாய்லாந்தில் ஹுவா ஹின் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். நல்லது, போய் வா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது என்றும் சொன்னாயாம். சரி. தீபாவளிக்கும் கிடைக்கவில்லை, பொங்கலுக்கும் கிடைக்கவில்லை. வேலை அப்படி இருக்கும்.

விமானம் வேண்டாம், ரயிலில் போகிறேன் என்றாயே, அதைக் கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. என் மகள்தான் நீ. கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் மின்சார ரயில் ஏறினால் எல்லையில் பாடாங் பெசார். அங்கே ஒரே கட்டடத்தில் இரண்டு நாட்டு முத்திரையும் குத்தி விடுவார்கள். சயாம் வண்டி சாயங்காலம் கிளம்பி விடியற்காலையில் ஹுவா ஹின் போய்ச் சேரும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வை. படுக்கை கீழ்ப்படுக்கையே எடு. மேல்படுக்கை விலை குறைவுதான், ஆனால் குறுகல், சன்னல் கிடையாது, இரவு முழுக்க விளக்கு கண்ணில் அடிக்கும். சங்கத்து ஆட்களோடு பேங்காக் போன வருசம் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று மேலே ஏறிப் படுத்தேன். விடியும்வரை தூக்கமில்லை. இறங்கும்போது கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

இப்போது ஹுவா ஹின்னில் ரயில் மேம்பாலத்து மேல் புது ஸ்டேசனில் நிற்கிறது. 2023 டிசம்பரில் திறந்தார்கள். பழைய மர ஸ்டேசன், சிவப்பும் வெண்மஞ்சளுமாக, பக்கத்திலேயே இருக்கிறது. அதை ஒரு படம் எடுத்து அனுப்பு. அங்கிருந்து கடல் நடக்கிற தூரம்தான்.

அரண்மனை ஒன்று உண்டு. கிளாய் கங்வோன் என்று பெயர். கவலைக்குத் தூரம் என்று அர்த்தமாம். சயாம் ராஜா ஏழாம் ராமா ஆசையாகக் கட்டியது. 1932 ஜூனில் அவர் அங்கே இருக்கும்போதுதான் பேங்காக்கில் ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பெயர் வைத்தால் போதுமா? கவலை கடற்கரை வரைக்கும் தேடிக்கொண்டு வந்துவிட்டது. எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒன்றுமில்லை, சும்மா சொன்னேன்.

தாக்கியாப் மலைக் கோயிலில் குரங்கு அதிகம், பையை இறுக்கிப் பிடி. கொஞ்சம் தெற்கே சாம் ரோய் யோட் மலையில் பிரயா நாக்கோன் குகை. மேலே கூரை திறந்திருக்கும், உள்ளே 1890இல் கட்டின சின்ன மண்டபம். காலை பத்தரை வாக்கில் வெயில் நேராக அதன்மேல் விழுமாம். பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஏற்றம் செங்குத்து, கல் வழுக்கும். தனியாக ஏறாதே. யாராவது கூட இருந்தால் போ. யாரும் இல்லையென்றால் போக வேண்டாம். அறை ஒருவருக்குத்தான் எடுத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். இராத்திரியில் கதவைத் தாழ் போட்டுக்கொள். கீழ்ப்படுக்கைக்கு இப்போதே பதிவு செய், முதலில் தீர்வது அதுதான்.

நீ போகிற அந்தத் தண்டவாளத்தில்தான் தாத்தாவும் போனார். 1943. பதினேழு வயசு. கங்காணி லயத்துக்கு வந்து பெயர் எழுதிக்கொண்டு போனானாம். கூட்ஸ் பெட்டியில் ஆட்டு மந்தை மாதிரி ஏற்றி, ஹுவா ஹின் தாண்டி பான் போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் விரட்டினார்கள். ஜப்பான்காரன் பர்மாவுக்குப் போட்ட மரண ரயில்பாதை, 415 கிலோமீட்டர். தோட்டத்திலிருந்து அவரோடு போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை.

அவர் வாயே திறந்ததில்லை என்றுதானே உனக்குச் சொல்லி வளர்த்தேன். பொய், பாப்பா. ஒரு தடவை திறந்தார். எனக்கு அப்போது இருபத்தெட்டு. டிவியில் பந்து ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஒரு ஸ்டேசன்ல ராத்திரி கதவத் தொறந்தானுங்கய்யா. கடல் சத்தம் கேட்டுச்சு” என்றார். நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “அப்புறம் சொல்லுங்கப்பா” என்றேன். சரிய்யா என்று எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். அந்த அப்புறம் வரவே இல்லை. நீ தவழ்ந்துகொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தார். அது எந்த ஸ்டேசனோ. ஹுவா ஹின்னாகவும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

உன் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் நீ இராத்திரி அடுப்படியில் வந்து நின்றாய். “அப்பா, ஒண்ணு கேக்கணும்” என்றாய். மண்டபத்துக்காரன் கணக்கோடு இருந்தேன். அன்றைக்கும் அதையேதான் சொன்னேன்.

காஞ்சனாபுரிக்கு ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் போ. வாட் தாவோன் கோயிலில் அந்தப் பாதையில் செத்த நம் ஆட்களுக்கு நடுகல் வைத்திருக்கிறார்கள். முடியாவிட்டால் பரவாயில்லை, நீ ஓய்வெடுக்கத்தானே போகிறாய்.

அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. ரம்புத்தான் மரத்தை வெட்டியாயிற்று. உன் அறைக்குக் காற்றாடி புதுசாக மாட்டியிருக்கிறேன், பழையது சத்தம் போட்டது.

இடிஎஸ் சுங்கைப்பட்டாணியில் நிற்கும், ரொம்ப நேரம் இல்லை. நான் மேடையில் நிற்கிறேன். அம்மா இடியாப்பமும் சம்பலும் கட்டித் தருவாள். எந்தப் பெட்டி என்று எழுது. எத்தனை பேருக்குக் கட்டச் சொல்லட்டும் என்பதையும் எழுது. ஒருவருக்கு என்றாலும் சரிதான், அதையே எழுது.

அப்பா