நானே செய்த இழைப்புளி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை; கட்டைவிரலில் கட்டு. ஓய்வு பெற்ற பிறகு பொழுதை எப்படிப் போக்குகிறாய் என்று கேட்டிருந்தாயே, இப்படித்தான்: தச்சுக் கருவிகளை நானே செய்து பழகுகிறேன். சிரிக்காதே. பள்ளிக்கூடத்தில் ஒரு பலகையை நேராக அறுக்க வராமல் உன்னிடம் கொடுத்து ஒப்பேற்றியவன்தான்.

முதல் வேலை இழைப்புளி, பலகையைச் சீவி வழுவழுப்பாக்கும் கருவி. அதன் வெட்டும் தகட்டுக்கு ஒரு தேய்ந்த பட்டை அரம் கிடைத்தது. அரம் நல்ல எஃகுதான், ஆனால் இருக்கிற விறைப்பில் ராவித் தேய்க்க முடியாது. சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து, ராத்திரி முழுக்க ஆறவிட்டேன். மறுநாள் பேசாமல் ராவ வந்தது. முனையை 25 டிகிரி சரிவுக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி நெருப்பில் வைத்தேன்.

இங்கேதான் கண்ணை நம்பக் கூடாது. பகல் வெளிச்சத்தில் எந்தச் சிவப்பும் ஒன்றுபோலவே தெரியும். காந்தத்தைக் காட்டிப் பார்க்க வேண்டும். சுமார் 770 டிகிரி செல்சியஸில் எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகிறது. அதற்குமேல் கொஞ்சம் ஏறியதும் எண்ணெயில் முக்கினேன். தோய்ச்சல் ஆயிற்று என்று அவசரமாகத் தீட்டினால், ஓரம் பொடிப்பொடியாக உதிர்கிறது! விறைப்பைக் கொஞ்சம் இறக்க வேண்டும் என்று படித்திருந்தும் விட்டுவிட்டேன். தகட்டைப் பளபளவென்று தேய்த்து, பின்பக்கம் மெதுவாகச் சூடு காட்டினால் நிறங்கள் முனையை நோக்கி நகர்ந்து வரும். வெளிர் மஞ்சள், வைக்கோல், பழுப்பு, ஊதா, நீலம். வைக்கோல் நிறம் முனையைத் தொட்டதுமே தண்ணீரில் போட்டுவிட வேண்டும். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் நீலமே வந்துவிட்டது. சரி, மறுபடி முதலிலிருந்து.

தகட்டைத் தாங்கும் மரக்கட்டையில் அது படுக்கும் சரிவை 45 டிகிரிக்கு வெட்டி, ஆப்பு செதுக்கி இறுக்கினேன். பலகையில் வைத்துத் தள்ளினால் டர்ரென்று துள்ளுகிறது, போன இடமெல்லாம் படிப்படியாகத் தழும்பு. தகட்டின் மேல் பழியைப் போட்டு மூன்று நாள் தீட்டினேன். அப்புறம்தான் தோன்றியது. தகட்டின் அடியில் பென்சில் கரியைப் பூசி, சரிவில் அழுத்தி எடுத்துப் பார்த்தேன். கரி நடுவில் மட்டும் ஒட்டியிருந்தது. அங்கே ஒரு சின்ன மேடு. அதனால் தகட்டின் முனை வெளியே நீட்டும் வாய்ப்பக்கத்தில் தகடு அந்தரத்தில் நின்றிருக்கிறது. மேட்டை உளியால் சுரண்டி எடுத்ததும் துள்ளல் நின்றது.

இப்போது மரத்தின் ரேகை போகிற திசையில் தள்ளினால் சர்ரென்று சீவல் சுருண்டு மேலே வருகிறது. எதிர்த்துத் தள்ளினால் நாரைப் பிய்த்துவிடும், அதுவும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஆழம் கூட்டத் தகட்டின் தலையில் ஒரு தட்டு, குறைக்கக் கட்டையின் பின்புறத்தில் ஒரு தட்டு. திருகாணி எதுவும் கிடையாது, காதும் கையும்தான் அளவு. வயசான காலத்தில் காதுக்கு இப்படி ஒரு வேலை வருமென்று நினைக்கவில்லை.

தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கக் கூடாது என்பார்கள் இல்லையா, நான் என் முன்கை மயிரில் பார்க்கிறேன். இடது கை குழந்தைக் கை மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டது. வீட்டில் கேட்டால் சொல்லப் பதிலில்லை.

இந்தத் தாளுக்குள் ஒரு சீவல் மடித்து வைத்திருக்கிறேன். நொறுங்காமல் வந்து சேர்ந்தால், எழுத்தின் மேல் வைத்துப் பார். அடியில் இருப்பது படிக்க வரும்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. அப்புறம், உன் அப்பாவின் பழைய கைவாள் பரணில் கிடந்ததே, இன்னும் இருக்கிறதா? பல் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. அடுத்து வாளுக்குப் பல் வைக்கப் பழக வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்