பாதையின் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: பைக் பார்க் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மலைச்சரிவில் சைக்கிளில் இறங்கி விளையாடும் மவுண்டன் பைக் பார்க்குகளின் நிர்வாகிகளுக்கும், பாதை அமைப்பவர்களுக்கும், ஆளையும் சைக்கிளையும் மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட்டின் அடியில் நிற்கும் ஊழியர்களுக்கும் வணக்கம்.

உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்கிறீர்கள். ஆபத்தை அறிந்தே வருகிறேன் என்று அந்தப் படிவம் சொல்கிறது. உண்மையில் அறிந்துதான் வருகிறோமா? விழுந்தால் அடிபடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூன்றாவது வளைவைத் தாண்டியதும் மண்மேடு முடிந்து பள்ளம் திறக்கிறது என்பது முதன்முறை இறங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொன்னால்தான் தெரியும். அதையும் பாதை தொடங்கும் இடத்திலேயே சொல்ல வேண்டும். நான் கேட்க வந்தது இதைத்தான்.

பாதை எவ்வளவு கடினம் என்று காட்ட நிறம் போட்டுப் பலகை வைத்திருக்கிறோமே என்பீர்கள். நிறம் மட்டும் போதாது. வட அமெரிக்காவில் பச்சை, நீலம், கறுப்பு, இரட்டைக் கறுப்பு என்ற வரிசை; பனிச்சறுக்கு மலைகளிலிருந்து வந்தது அது. ஐரோப்பாவின் பல பார்க்குகளில் நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே சிவப்பு வருகிறது. ஆகவே கறுப்பு என்றால் ஓரிடத்தில் மூன்றாம் படி, இன்னோரிடத்தில் நான்காம் படி. போதாக்குறைக்கு, சுற்றியுள்ள மற்றப் பாதைகளோடு ஒப்பிட்டுத்தான் நிறம் கொடுக்கிறார்கள். வழக்கமாக ஓட்டும் பார்க்கில் நீலத்தில் அலுங்காமல் இறங்கியவர், அதே தைரியத்தில் உங்கள் நீலத்திலும் இறங்குவார். அவரிடம் போய் நிறத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டுப் பயனில்லை. பார்த்ததால்தான் இறங்கினார்.

எனவே நிறத்தோடு நாலு வார்த்தை எழுதுங்கள். இந்தப் பாதையில் டிராப், அதாவது படிபோல் சட்டென்று கீழே இறங்கும் இடம் உண்டா, எவ்வளவு உயரம், சுற்றிப்போக வழி உண்டா, எல்லாவற்றையும் உருட்டியே கடக்க முடியுமா, சக்கரம் தரையை விட்டே தீர வேண்டிய இடம் இருக்கிறதா. இவற்றில் கடைசிக் கேள்விதான் முக்கியம்.

டேபிள்டாப் ஜம்ப்பில் ஏறும் சரிவுக்கும் இறங்கும் சரிவுக்கும் நடுவே மண் நிரப்பியிருக்கும். வேகம் குறைந்தால் நடுமேடையில் தொப்பென்று விழுவோம். பெரும்பாலும் உடம்பு குலுங்குவதோடு போய்விடும். கேப் ஜம்ப்பில் அந்த நடுப்பகுதி வெறும் பள்ளம். வேகம் குறைந்தால் முன்சக்கரம் எதிர்க்கரையின் விளிம்பில் போய் மோதும், ஓட்டுகிறவர் ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறப்பார். கொடுமை என்னவென்றால், பயந்தால் பிரேக் பிடிப்பது மனித இயல்பு. பாதையின் மற்ற எல்லா இடங்களிலும் அந்த இயல்பு நம்மைக் காப்பாற்றும். கேப் ஜம்ப்புக்கு நாலடி முன்னால் மட்டும் அதுவே நம்மைப் பள்ளத்தில் தள்ளிவிடும். புதியவர் தயங்கினால் தப்பிக்கும்படி பாதை இருக்க வேண்டும். நடுத்தரப் பாதைகளில் கேப் ஜம்ப் வைப்பதே தவறு என்பது என் உறுதியான கருத்து.

நல்ல பாதை அமைப்பாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாதை முழுவதிலும் எது கடினமோ, அதே தரத்தில் ஒன்றை வாசலிலேயே வைத்துவிடுவார்கள். கீழே ஆளுயர டிராப் இருந்தால், முதல் பத்து மீட்டருக்குள் அதே மாதிரி ஒரு டிராப். பக்கத்திலேயே வெளியேற ஒரு வழி. அதைத் தாண்ட முடியாதவர் வேறு பாதைக்குத் திரும்பிவிடலாம். யாரும் அவமானப்பட வேண்டியதில்லை. பலகையைப் படிக்காதவருக்கும், மொழி தெரியாதவருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும் அது புரியும். நண்பர்கள் பார்க்கிறார்களே என்று வீம்புக்கு இறங்குகிற இளைஞருக்கும்கூடப் புரியும். செலவு கொஞ்சம் மண்ணும் ஒருநாள் உழைப்பும்தான். இதைச் செய்யாமல், சுலபமான வளைவுகளாகக் கொடுத்து ஆளை உள்ளே இழுத்து, நடுவில் பாறைச்சரிவைக் கொண்டுவந்து நிறுத்தும் பாதைகள்தான் எனக்குக் கோபமூட்டுகின்றன.

ஜம்ப்பின் உதட்டை, அதாவது சக்கரம் தரையை விட்டு எழும் விளிம்பை, செப்பனிட்டீர்களா? கோணம் கொஞ்சம் நிமிர்ந்தால்கூடப் பைக்கைத் தூக்கிப்போடும் விதம் மாறிவிடும். நேற்றுவரை கண்ணை மூடிக்கொண்டு தாண்டியவர்தான் இன்று ஏமாறுவார். மாற்றிய இடத்தையும் தேதியையும் லிஃப்ட் வரிசையில் எழுதிவையுங்கள்.

இனி வாடகை பைக். வாங்க வருகிறவரிடம் உயரமும் எடையும் கேட்கிறீர்கள், சஸ்பென்ஷன் சரிசெய்கிறீர்கள், நல்லது. எந்த லீவர் முன்பிரேக் என்று சொல்கிறீர்களா? பிரிட்டனில் வலக்கை முன்பிரேக், அமெரிக்காவில் இடக்கை. கை பழகியதைத்தான் பிடிக்கும். செங்குத்துச் சரிவில் பின்பிரேக் என்று நினைத்து முன்பிரேக்கை அழுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லீவர்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் அடைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அடைப்பு இல்லாத குழாய்முனை வயிற்றில் குத்தினால், வெளியே வட்டமாக ஒரு தடம் மட்டும் தெரியும், உள்ளே ஈரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கும். பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

வாடகை ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. உள்ளே இருப்பது தெர்மோகோல் வகை நுரை. அது நசுங்குவதன் மூலம்தான் தலையைக் காக்கிறது. நசுங்கிய பிறகு மறுபடி எழாது. வெளி ஓடு பளபளவென்று இருக்கும், உள்ளே உயிர் போயிருக்கும். அதை அடுத்தவர் தலையில் மாட்டுகிறீர்கள். அடிபட்டதை ஏன் யாரும் சொல்வதில்லை? சொன்னால் முன்பணத்தில் பிடித்துக்கொள்கிறீர்கள், அதனால்தான். விழுந்தேன் என்று உண்மையைச் சொல்கிறவரிடம் பணம் பிடிக்காதீர்கள். இந்த ஒரு விதியை மாற்றினால் பழுதான ஹெல்மெட்டுகள் தாமாகவே உங்கள் கைக்கு வந்துவிடும். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் வாங்கும்போது ஏஎஸ்டிஎம் எஃப்1952 என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் தரம் இருக்கிறதா என்று பாருங்கள். மலையிறக்கப் போட்டிகளுக்கான அந்தத் தரத்தில் தாடைப் பகுதியையும் சோதிக்கிறார்கள். சாதாரண சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஈஎன் 1078 என்ற ஐரோப்பியத் தரத்தில் அந்தச் சோதனை இல்லை.

தலையில் அடிபட்டவரை அன்றைக்கு மறுபடி லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது. விழித்துப் பார்த்துக்கொண்டு நிற்பவர், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பவர், கால் தள்ளாடுபவர் ஆகியோரைத் தடுக்கும் அதிகாரத்தை லிஃப்ட் ஊழியருக்கு எழுத்தில் கொடுங்கள். கட்டணத்தையும் திருப்பிக் கொடுங்கள். காசு வீணாகிறதே என்றுதான் பலர் மறுபடி ஏறுகிறார்கள்.

பாதை ஓரங்களில் எண்ணிட்ட கம்பங்கள் வையுங்கள். தொலைபேசியில் உதவி கேட்பவரால் "ஒரு மரத்துப் பக்கத்தில்" என்றுதான் சொல்ல முடிகிறது.

சக ஓட்டுநர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் கொஞ்சம். முதல் சுற்று மெதுவாகப் பார்ப்பதற்கு, இரண்டாவது பழகுவதற்கு, மூன்றாவதில்தான் வேகம். முன்கை இறுகி, பிரேக்கை விரல் சரியாகப் பிடிக்க மறுக்கும்போது அன்றைய நாளை முடித்துக்கொள்ளுங்கள். யாராவது விழுந்துகிடந்தால், முதலில் ஒருவர் மேலே ஓடி, ஜம்ப்புக்கு முன்னால் தெரியும்படி நின்று, கைகளைத் தலைக்குமேல் குறுக்காகப் பிடித்து வருகிறவர்களை நிறுத்த வேண்டும். கழுத்து வலிக்கிறது என்றால் அவரை அசைக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். ரோந்துக் குழு வரட்டும்.

நிர்வாகிகளே, நாளைக் காலை திறப்பதற்கு முன், உங்கள் பார்க்கில் ஒருமுறைகூட ஓட்டாத ஒருவரைக் கூட்டிப்போய் ஒவ்வொரு பாதையின் வாசலிலும் நிறுத்துங்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள். அவரால் எதைச் சொல்ல முடியவில்லையோ, அதை அன்றே பலகையில் எழுதிவிட்டு லிஃப்ட்டை ஓடவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பாதைகளில் ஓட்டும் ஒருவர்