எந்தப் பக்கம் என்று கேட்டாயே

பெருந்துறை
10.1.2026

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்தது, மாப்பிள்ளைக்கு வேலை மாற்றல் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒரு கேள்வியைப் போட்டிருக்கிறாய். "அங்கே நம்ம பொம்பளைங்கெல்லாம் இப்ப எந்தப் பக்கம்?" புனேயில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டாய். எனக்கு ஒரு வரியில் சொல்ல வரவில்லை. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கிவிட்டுப் படி.

எங்கள் மகளிர் குழுவில் கட்சிக்காரிகள் ஓரிருவர் உண்டு, அவர்களை விடு. மற்றவர்கள் வீட்டுக்காரர் ரெட்டை இலை, மகன் தாமரை, கொழுந்தனார் உதயசூரியன் என்று இருக்கிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள். சந்தாப் பணத்தை எண்ணி, நோட்டில் கையெழுத்து வாங்கி முடித்த பிறகுதான் பேச்சு சூடு பிடிக்கும். ஒருத்தியே தில்லியை ஒரு விஷயத்துக்கு மெச்சுவாள், அடுத்த விஷயத்துக்குக் காய்ச்சி எடுப்பாள். செப்டம்பர் 22இல் சோப்பு, ஷாம்புக்கு ஜிஎஸ்டி பதினெட்டிலிருந்து ஐந்தாக இறங்கினபோது எல்லோருக்கும் சந்தோஷம்தான். அதே மூச்சில் ஒருத்தி, "2017ல நாப்கினுக்கே 12 பர்சென்ட் போட்டவங்கதானுங்க, ஒரு வருசம் கத்துன பொறகுதான எடுத்தாங்க" என்றாள். இதையெல்லாம் கேட்டால் வீட்டு ஆம்பளைகள் "இவளுகளுக்கு ஒரு நிலை இல்லை" என்பார்கள். அவர்கள் நிலை என்று சொல்வது கொடியைத்தான்.

போன கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன், உனக்கே புரியும். நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டு டிசம்பரில் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள் அல்லவா? 125 நாள் வேலை என்கிறார்கள். ஆனால் முன்பு கூலி முழுக்க மத்திய அரசு கொடுத்தது, இனி நூற்றுக்கு நாற்பது மாநிலம் போட வேண்டும். விதைப்பு, அறுவடைக் காலத்தில் வருசத்துக்கு 60 நாள் வரைக்கும் வேலையை நிறுத்தி வைக்கலாம். எங்கள் குழுவில் ஒரு பெரியம்மா அந்த வேலைக்குத்தான் போகிறார், நாளுக்கு 336 ரூபாய் கூலி. "ரெண்டு கவுருமெண்டும் நீ குடு, நீ குடுன்னு அடிச்சுக்கிட்டா என்ற சம்பளம் எப்பங்கம்மிணி வரும்?" என்று கேட்டார். அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் ஒன்றரை ஏக்கர் மஞ்சள்காரி. தை பிறந்தால் மஞ்சள் வெட்டு, ஆள் கிடைக்காமல் போன வருசம் தவித்துப்போனவள். "அறுபது நாள் நிறுத்துனா எனக்கு நல்லதுங்கக்கா, மறைச்சுப் பேச மாட்டேன்" என்றாள் முகத்துக்கு நேராக.

பெரியம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "உனக்கு ஆள் வேணும், சரி. 336க்கு மேல கூலி போடு, நானே வர்றேன்" என்றார். அப்புறம் இரண்டு பேரும் கூலி பேச ஆரம்பித்துவிட்டார்கள்! அந்தச் சட்டத்திலிருந்து காந்தி பெயரை எடுத்தது சரியா தப்பா என்று டிவியில் ராத்திரி முழுக்கக் கத்தினார்களே, அது அங்கே ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குப் பெயரை எடுத்தது பிடிக்கவில்லை. எனக்கும் மஞ்சள் இருக்கிறது, 60 நாள் விஷயத்தில் நான் நியாயம் பேசினால் நீ பாதிதான் நம்ப வேண்டும். ஆனால் வேலை கேட்கிறது ஒருத்தியுடைய உரிமை என்றால் அதற்குப் பணம் போடுகிற பொறுப்பைக் கைமாற்றிவிடக் கூடாது. மஞ்சள் என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருசம் தேசிய மஞ்சள் வாரியத்தைத் தெலங்கானாவில் நிஜாமாபாத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். புவிசார் குறியீடு வாங்கின ஈரோட்டுக்கு அது வராத வெசனம் இங்கே இன்னும் ஆறவில்லை.

திருப்பூர் நிலைமை நீ கேட்டதுதான். ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டது. எங்கள் வீதியில் காலையில் கம்பெனி வேனுக்கு ஓடுகிற பெண் ஒருத்தி, முன்பெல்லாம் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இருட்டினபிறகுதான் வருவாள். இப்போது பொழுதோடவே வந்துவிடுகிறாள். "ருஷ்யாக்காரங்ககிட்ட எண்ணெய் வாங்குனதுக்கு நான் தைக்கிற பனியனுக்கு எதுக்குங்க்கா வரி?" என்கிறாள். பதில் சொல், பார்ப்போம்.

இப்போது எனக்கே பெரிய முடிச்சாக இருக்கிற விஷயம். உன் ஊர் மொடக்குறிச்சியையே எடுத்துக்கொள். 1996இல் விவசாயிகள் வீம்புக்கு மனுப் போட்டு 1,033 வேட்பாளர்கள் நின்ற தொகுதி. ஓட்டுச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடித்தார்கள், நாம் சிரித்தோமே. அந்தக் கூட்டத்தில் ஜெயித்தவர் சுப்புலட்சுமி ஜெகதீசன். 2021இல் அதே தொகுதியில் அவரை 281 ஓட்டில் தோற்கடித்தவர் பாஜகவின் சரஸ்வதி. எந்தக் கட்சி என்பதை விடு, இரண்டு பக்கமும் பெண் நின்று கடைசி ஓட்டு வரை இழுத்தார்கள். அதனால்தான் 2023இல் மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். 1996இல் தேவகவுடா பிரதமராக இருந்த காலத்திலிருந்து கிழித்தெறிந்துகொண்டிருந்த மசோதா அது.

ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது? அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுக்க வேண்டும், அதை வைத்துத் தொகுதிகளைத் திருத்தி வரைய வேண்டும், அதற்குப் பிறகுதான் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. கணக்கெடுப்பே 2027இல். தொகுதி எண்ணிக்கை 1971 கணக்கோடு நிற்கிறது. புதுக் கணக்கில் பிள்ளை குறைத்த மாநிலத்துக்குப் பங்கு குறையும் என்று நம் ஆட்கள் பயப்படுகிறார்கள், பயம் நியாயம்தான். நான் வேண்டும் என்பதையும் எனக்குப் பயமாக இருப்பதையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள், பார்த்தாயா?

பிள்ளை குறைத்தது யார் ராஜி? மேடையில் "நம் மாநிலம் குடும்பக் கட்டுப்பாட்டில் சாதித்தது" என்று முழங்குகிறார்கள். ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நீயும் நானும் நம் நங்கையாக்களும். அந்தச் சாதனையைச் சொல்லும்போது மேடையில் பெண்களைப் பற்றிய பேச்சு வருவதே இல்லை. (இன்னொரு பக்கமும் உண்டு. நம் பக்கம் பெண் பிள்ளையே வேண்டாம் என்று இருந்த வீடுகளில் இன்றைக்குப் பையனுக்குப் பொண்ணு கிடைக்காமல் அலைகிறார்கள்.) சரி, நம் மாநிலத்துக்கு இருக்கிற 39 எம்.பி. தொகுதியில் மூன்றில் ஒன்று 13. எல்லைக்கோடு எதையும் தொடாமல் அந்தப் பதின்மூன்றை இப்போதே கொடுக்க என்ன தடை? இதைக் கேட்டால் தில்லிக்காரர் சட்டத்தைக் காட்டுகிறார். இங்கே மேடையில் சமூகநீதி பேசுகிறவர்களும் சட்டம் வரும்வரை தாங்களாகப் பதின்மூன்று பெண்களை நிறுத்த மாட்டார்கள். குழுவில் இதற்கு இரண்டு கருத்தே இல்லை.

வாக்காளர் பட்டியல் திருத்தத்தில் பட்ட பாட்டையும் கேள். செத்தவர்கள் பெயரை எடுக்கத்தான் வேண்டும், என் மாமியார் காலமாகி இத்தனை வருசமாகியும் பட்டியலில் உயிரோடு இருந்தார். ஆனால் முன்பு இதே மாதிரி திருத்தம் நடந்த காலத்தில் என் மருமகளுக்கு ஓட்டு வயசே இல்லை. அவள் பெற்றவர்கள் பெயரைக் காங்கேயம் பக்கத்துப் பழைய பட்டியலில் தேடிப் பிடித்துப் படிவத்தில் எழுத வேண்டும். செல்போனில் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தோம். பழனியம்மாளைப் "பளனியம்மா" ஆக்கி வைத்திருந்தார்கள். போதாததற்குக் கல்யாணத்துக்கு முன்னால் எஸ், பின்னால் ஆர் என்று இனிஷியல் வேறு. என் மகன் இருந்த இடத்திலேயே இருந்தான், அவனுக்கு ஐந்து நிமிஷ வேலை. மாநிலம் முழுக்க வரைவுப் பட்டியலில் 97 லட்சம் பெயருக்கு மேல் எடுத்தார்கள். ஊர்விட்டு ஊர் வாழப்போனவர்கள் அதில் எத்தனை பேர் என்று யாராவது பிரித்துச் சொன்னால் தேவலை.

ஒன்று மட்டும் எங்களுக்கு எல்லாக் கட்சிமேலும் கசப்பு. பொள்ளாச்சி, மணிப்பூர், கொல்கத்தா, அண்ணா பல்கலைக்கழகம் என்று பெண்களுக்குக் கொடுமை நடந்த இடங்களை எடுத்துக்கொள். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் தொண்டை கிழியக் கத்துகிறார், இன்னொருவர் வாயை மூடிக்கொள்கிறார். அடுத்த ஊரில் நடந்தால் ஆள் மாறிவிடுகிறது. பொள்ளாச்சி வழக்கில் போன மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் என்று தீர்ப்பு வந்தபோது, அதற்குக்கூட யார் பெயர் வாங்கிக்கொள்வது என்று சண்டை போட்டார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகையைப் பற்றி எழுதவில்லையே என்பாய். வாங்குகிறோம், வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், அதற்காக ஓட்டை எழுதிக்கொடுத்துவிடவும் இல்லை. இலவசம் தப்பு என்று பேசினவர்களே பீகாரில் பெண்களுக்குப் பத்தாயிரம் போட்டார்கள்.

உன் பெயர் இங்கே வரைவுப் பட்டியலில் இல்லை என்று உன் தம்பி சொன்னான், குடிபெயர்ந்தவர் கணக்கில் போட்டுவிட்டார்களாம். நீ அங்கேயே தங்குவதாக இருந்தால் புனேயில் பெயர் சேர்க்கிற படிவம் 6 கொடுத்துவிடு. திரும்பி வருகிற எண்ணம் இருந்தால் கெடு முடிவதற்குள் இங்கே கொடுக்க வேண்டும். எதுவானாலும் பொங்கலுக்கு வா. பூப்பறிக்கிற நோம்பி அன்றைக்குக் குழு முழுக்கத் தோட்டத்துக்கு வருகிறது, உன் கேள்வியை அவர்களிடமே கேட்டுக்கொள்.

உன்
அமுதா