மாலை நடை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மாலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டால் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தது கழிந்துவிடும் என்று முதியோர் பலர் நம்புகிறார்கள். கணக்கு அப்படி நேராவதில்லை. 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருவோர் அதை ஈடுகட்ட 60 முதல் 75 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது.

எல்லாராலும் அது முடியாது. அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியிலிருந்து எழுவது முடியும். சக்கரமில்லாத, கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்சாய்ந்து எழ வேண்டும். பலர் காலை முன்னே நீட்டியபடியே எழப் பார்த்துப் பின்னால் சரிகிறார்கள். பழி என்னவோ முழங்காலுக்கு! உட்காரும்போது 3 வரை எண்ணி மெல்ல இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் தொடைத் தசைக்கு வேலையே இல்லை. மூச்சை அடக்காதீர்கள். இப்படி எழுந்து உட்காருவதை 5 முறையில் தொடங்கி, சில வாரங்களில் 10 ஆக்கலாம்.

நெடுநேரம் உட்கார்ந்து சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். எழுமுன் குதிகால்களை 10 முறை உயர்த்தி இறக்கினால் காலில் தேங்கிய இரத்தம் மேலேறும்.

– இயன்முறை மருத்துவர் ஒருவர்