காலில் மிதிபடும் கல்லறைக் கற்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், 1680-இல் திறக்கப்பட்டது, 1753-இல் ராபர்ட் கிளைவின் திருமணம் நடந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெளியே தரையில் வரிசையாகப் பதித்திருக்கும் கல்லறைக் கற்களைக் குனிந்து படிப்பவர்கள் குறைவு.

அவற்றில் ஒன்று, இங்கு கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பிரசிடெண்டாக இருந்த ஏரன் பேக்கரின் மனைவி எலிசபெத்துடையது. அவர் இறந்தது 1652-இல். சரி, தேவாலயத்துக்கு 28 ஆண்டுகள் மூத்த கல் அதன் முற்றத்துக்கு எப்படி வந்தது?

ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த உயரமான கல்லறைகளின் பின்னால் பதுங்கிக்கொண்டது. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. இனி எந்த எதிரிக்கும் அந்த மறைவு கிடைக்கக் கூடாதென்று கல்லறைகளை இடித்து, எழுத்துள்ள கற்களை மட்டும் தேவாலய முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். இறந்தவர்கள் அங்கேயே மண்ணுக்குள் தங்கிவிட்டார்கள். கோட்டையின் கவர்னராக இருந்த எலிஹு யேலின் சிறு மகன் டேவிட் அடங்கிய கல்லறை தப்பி, பழைய இடத்திலேயே நிற்கிறது. ஹைதர் அலியோடு நடந்த போரில், 1782-இல், பீரங்கிகளை ஏற்றி நிறுத்துவதற்காக முற்றத்துக் கற்களையும் பெயர்த்தார்கள். பிறகுதான் மறுபடி பதித்தார்கள்.

ஆங்கிலம், லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியன் என்று பல மொழி எழுத்துகள் இந்தக் கற்களில் இருக்கின்றன. சென்னை தொடக்கத்திலேயே எத்தனை நாட்டவர் கலந்து வாழ்ந்த ஊர் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா? அப்படிப்பட்ட கற்களின் மேல்தான் நாம் செருப்புக் காலோடு நடக்கிறோம். பல இடங்களில் எழுத்து தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. பார்க்கவே மனசு பதறுகிறது.

பொறுப்பில் இருப்பவர்கள் கற்களை மிதிக்காமல் சுற்றிப் பார்க்க ஒரு பாதை அமைக்க வேண்டும். இந்தக் கற்கள் இடம் மாறிய கதையைத் தமிழில் ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு கல்லையும் படமெடுத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது இன்னும் அவசரம். ஜே. ஜே. காட்டன் 1905-லேயே சென்னைக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து வெளியிட்டிருப்பதால், அழிந்த எழுத்துகளை அதோடு ஒப்பிட்டு நிரப்பிவிடலாம். தாமதிக்காமல் தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராயபுரம், சென்னை